சரிவில் கற்ற கராத்தே

போன வாரம் எங்கள் லாட்ஜுக்கு ஒரு வேன் நிறையக் கராத்தே வந்து இறங்கியது. பிள்ளைகள் வந்து இறங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது வெள்ளை உடுப்புகளும் கலர் கலர் பெல்ட்டுகளும்தான். ஏதோ பயிற்சி முகாமாம். மலை ஏறும் வழியில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் வாடிய கீரைக்கட்டு மாதிரிச் சாய்ந்து கிடந்தார்கள். கூட வந்த ஆசிரியை தைலப் புட்டியைத் திறந்து ஒவ்வொரு நெற்றியாகத் தேய்த்துக்கொண்டே போனார். கொடைக்கானலில் தைல வாசனை ஒரு அதிசயமா? எங்கள் ஊர்க் காற்றே அதுதான். ஆனாலும் துவைத்த கராத்தே உடுப்பின் வாசனையும் தைல வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எனக்கு வேறு சங்கதி. முட்டிவலி எல்லாம் பறந்து போய், சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.

நான் நின்ற விதத்தில் என்ன கண்டாளோ, பத்து வயதுப் பெண் ஒருத்தி அருகில் வந்து, "அங்கிள், உங்களுக்குக் கராத்தே தெரியுமா? எந்த ஸ்டைல்?" என்றாள். ஷோட்டோகான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். முக்கால்வாசிதான், மீதியில் கொஞ்சம் கோஜு உண்டு என்று என் நாக்கு சேர்த்துக்கொண்டது. அவளுக்கு அது திருப்தியாக இல்லை. முக்கால்வாசிக்கெல்லாம் பெல்ட் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உங்களிடமாவது முழுசாகச் சொல்கிறேன்.

கராத்தே என்றால் செங்கல்லை உடைப்பது என்று நம்பித்தான் நானும் அதில் சேர்ந்தேன். கைபேசி வராத காலம். இதே லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்து பேரேட்டில் விருந்தாளிகளின் பேரெழுதும் வேலை. கராத்தேக்குள் இத்தனை பங்காளிகள் உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஜப்பானுக்குத் தெற்கே கடலுக்குள் ஒக்கினாவா என்று ஒரு தீவு. அதில் நாஹா, ஷூரி, தொமாரி என்று மூன்று ஊர்கள். நாஹா துறைமுகம், சீனத்துக் கப்பல்கள் வந்து போகும் இடம். ஷூரியில் அரண்மனை. மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம். நம்ம நாயுடுபுரத்திலிருந்து அட்டுவம்பட்டிக்குப் போகிற மாதிரிதான். அந்தத் தூரத்துக்குள் மூன்று விதமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒரே தெருவில் மூன்று வீட்டுச் சாம்பார் மூன்று ருசியில் இருப்பதில்லையா, அது போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாஹா வழியில் வந்தது கோஜு. கடினமும் மென்மையும் என்று பொருள். குட்டையான நிலையில் காலை ஊன்றி, அடிவயிற்றிலிருந்து சத்தமாக மூச்சுவிட்டுச் செய்வது. ஷூரி வழியில் வந்தது ஷோட்டோகான். அதில் எல்லாமே நீளம். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரே எட்டில் எதிராளியின் வீட்டு வாசலுக்கே போய்விட வேண்டும். பிற்பாடு ஒருவர் தன் இரண்டு குருமார் பேரிலும் ஆளுக்கொரு எழுத்தை எடுத்து ஷிட்டோ என்று ஆரம்பித்தார். இன்னொருவர் ஜப்பானிய மல்லுக்கட்டைச் சேர்த்து வாடோ என்றார். கராத்தே என்ற சொல்லுக்கே முதலில் சீனத்துக் கை என்றுதான் அர்த்தமாம். பிறகுதான் அதை வெறுங்கை என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது தேவராஜ். ஜீப் ஓட்டுகிறவன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன், ஆனாலும் எங்களுக்கு மாஸ்டர். மதுரையில் ஒரு லேத் பட்டறையில் நாலு வருஷம் வேலை பார்த்தபோது சாயங்காலங்களில் ஷோட்டோகான் படித்து, பிளாக்குக்கு ஒரு படி கீழே உள்ள பிரவுன் பெல்ட்டோடு மலைக்குத் திரும்பியவன். அவனிடம் ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகம் இருந்தது. சீசன் இல்லாத நாட்களில் ஜீப்பின் முன்சீட்டில் என்னை உட்கார வைத்து, அதிலிருந்து ஆங்கிலத்தில் வாசிப்பான். புரியாத இடங்களைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வான். ஷோட்டோகானில் வரும் ஷோட்டோ என்பது அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர் கவிதை எழுத வைத்துக்கொண்ட பேர். பைன் மரங்களின் அலை என்று அர்த்தம். காற்றடிக்கையில் பைன் காட்டில் எழும் ஓசை. இதை வாசித்த அன்று தேவராஜ் ஜீப்பை விட்டுக் குதித்து இறங்கிவிட்டான். எதிரே நிஜமாகவே பைன் மரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"கேட்டியாலே? இந்தச் சத்தந்தான் அது. அப்ப இது நம்ம ஸ்டைலுலே, நம்ம ஸ்டைலு" என்றான். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஒக்கினாவாக்காரர்களுக்கு இந்த விஷயம் தெரியாமல் இருந்ததே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஸ்டைல் கிடைத்துவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ சுற்றுலாக்காரருக்கோ சொந்தமாக இருக்கும். எங்களுக்கு வாய்த்தது நாயுடுபுரத்தில் ஒரு கேரட் குடோனுக்குப் பின்னால் இருந்த புல்தரை. நல்ல சரிவு. கையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு நழுவினால் கீழே வேலி வரை உருண்டு போய்விடும். வெள்ளனே எழுந்து, ஆறு பேர், வெறுங்காலோடு அதில் நிற்போம். மார்கழியில் புல் நுனியெல்லாம் உறைபனி பூத்திருக்கும். எவ்வளவு தைலம் தேய்த்தாலும் கால் மரத்துப் போய், உதைத்தது யார் கால் என்றே தெரியாது. மேலே உடுப்பு, உள்ளே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. அந்தக் கோலத்தில் எங்களைப் பார்த்த பால்காரர் ஒரு தடவை சைக்கிளோடு வேலியில் சாய்ந்துவிட்டார்.

கட்டா என்று ஒன்று உண்டு. எதிராளி இல்லாமலே போடுகிற சண்டை. இன்ன திசையில் இத்தனை எட்டு, இன்ன இடத்தில் திருப்பம் என்று எல்லாம் வகுத்து வைத்தது. அதன் அழகே, எந்தப் புள்ளியில் ஆரம்பித்தோமோ அதே புள்ளியில் வந்து முடிப்பதுதான். தேவராஜ் சரிவின் மேட்டில் நிற்பான். நாங்கள் கீழே ஆளுக்கொரு கல்லை அடையாளம் வைத்து, அவனைப் பார்த்து மேலேறுவோம். ஏற்றத்தில் எட்டு தானாகக் குறுகும். இறக்கத்தில் தானாக நீளும். முடிக்கும்போது பார்த்தால் கல்லைத் தாண்டி வேலிப் பக்கம் போயிருப்போம். தேவராஜுக்கு அது ஆகாது. ஏறும்போது நீட்டு நீட்டு என்று கத்துவான், இறங்கும்போது புடி புடி என்று கத்துவான். தானும் ஒரு கல்லிலிருந்து அப்படியே செய்து காட்டுவான். மூன்று வருஷம் கத்தியதில், கண்ணைக் கட்டிவிட்டாலும் அவரவர் கல்லில் வந்து நிற்கிற அளவுக்குத் தேறிவிட்டோம். எங்களுக்கு ஒரே பெருமை. தேவராஜுக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்போதுதான் கவிதா வந்து சேர்ந்தாள். மன்னவனூரில் பூண்டு விவசாயக் குடும்பம். இங்கே அட்டுவம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு மருந்துக் கடையில் வேலை. திண்டுக்கல்லில் கல்லூரி விடுதியில் இருந்தபோது கோஜுவில் பிரவுன் பெல்ட் வாங்கியிருந்தாள். முதல் நாளே குட்டை நிலையில் நின்று ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், குடோனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சரிவில் நாஹாவுக்கும் ஷூரிக்கும் தினமும் சண்டை. எது மூத்தது, எது அசல் என்று பனியில் நின்று வாதாடுவார்கள். நாங்கள் அஞ்சு பேரும் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். என்ன வாதாடினாலும் அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள், அவனும் வாங்க போங்க என்றுதான் பேசுவான்.

இந்தக் கலகலப்புக்கு நடுவே தேவராஜுக்கு ஒரு கனவு முளைத்தது. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கராத்தே ஆசிரியர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அவன் போய்ப் பார்த்திருக்கிறான். பிளாக் பெல்ட்டோடு வாருங்கள், வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. சம்பளமா பெரிது? ஜீப்பில் அதைவிட நன்றாகவே கிடைத்தது. எட்டு வருஷமாக வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனை ஏய் டிரைவர் என்று கூப்பிட்டிருக்கிறான்.

"நாலு புள்ளைக என்னைய சார்னு கூப்புடணும்லே. அது போதும்" என்றான் என்னிடம்.

பெல்ட் தேர்வு வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. தேவராஜ் எங்கள் ஏழு பேருக்கும் பேர் கொடுத்தான். எங்களுக்குச் சின்னப் பெல்ட்டுகள், அவனுக்கு பிளாக். கவிதாவும் பிளாக்குக்கே பேர் கொடுத்தாள். வேறு ஸ்டைல் பிரவுன் பெல்ட்காரர்களும் ஷோட்டோகான் கட்டாவைச் செய்து காட்டினால் செல்லும் என்று விதி இருந்தது. அவளுக்கு எந்த வேலைக் கனவும் இல்லை. ஷூரிக்காரர் ஊருக்குள் போய் நாஹா ஜெயிக்குமா என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். தேவராஜும் அவளுக்கு மனசு கோணாமல் கன்கூ டாய் என்ற பெரிய கட்டாவைச் சொல்லிக் கொடுத்தான். வானம் பார்த்தல் என்று அதற்கு அர்த்தம். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, விரல்களுக்கு நடுவே வானத்தைப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சரிவில் பார்த்தால் பெரும்பாலும் மேகமூட்டம்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏழு பேரும் அடைந்து இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாவின் பேரைச் சொல்லிக் கத்தினோம். கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி, குல்லாவைக் கழற்றி, வத்தலக்குண்டு வருவதற்குள் வேர்த்து ஒழுகிவிட்டது. மண்டபத்தில் வழவழவென்று மொசைக் தரை. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அதற்கு நேர் எதிரே மேசை போட்டு, மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த, ஒல்லியான மனிதர். கட்டா முடியும்போது குறியில் நிற்க வேண்டும், ஒரு எட்டுத் தள்ளினாலும் பெல்ட் இல்லை என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் ஆள் நான்தான். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு குத்திலும் உடுப்பு பட்டென்று சத்தம் போட்டது. முடித்து, மூச்சை அடக்கி, பெருமையாகக் கீழே பார்த்தால் குறியைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். அது எனக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தூரத்தில் கிடந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்தடுத்து எங்கள் ஆட்கள் நாலு பேர் போனார்கள். நாலு பேரும் மேசைப் பக்கமாகவே போய் முடித்தார்கள். தேர்வாளர் மலைக்காரங்க எல்லாருக்கும் என்கிட்ட ஏதோ சோலி இருக்கு போல என்று சொல்ல, மண்டபமே அதிர்ந்தது.

தேவராஜ் என் தோளைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனான். "நீதாம்லே முதல்ல கெடுத்த. ஒன்னப் பாத்துத்தான் எல்லாவனும் பயந்து கெடக்கான். மேசையில ஒக்காந்து பேரெழுதுறவனக் கூட்டியாந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னான். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். வாளியில் நீர் ஒரு பக்கமும் சாயாமல் சமமாக நின்றது. அதைப் பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஏறும்போது நீட்டியதும் இறங்கும்போது பிடித்ததும் எங்கள் காலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முன்னே போகையில் நீட்டி, திரும்புகையில் பிடித்தால் மேசைக்குத்தான் போவோம். பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சரிவுதான்!

உள்ளே ஓடினேன். தேவராஜ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் வேறு ஊர்க்காரர் இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள். நேரம் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் உட்கார்ந்து பேரெழுதுகிறவனுக்கு என்ன தெரியும், பெரிய மாஸ்டர், போய்ப் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

தேவராஜின் கன்கூ டாயைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். கையைக் கூப்பி மேலே சுற்றிய மின்விசிறியை வானமாகப் பார்த்து ஆரம்பித்தான். மண்டபம் அடங்கிப் போனது. சிரித்த பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தாழ்ந்து, நீண்டு, கத்தி மாதிரி வெட்டி வெட்டி முன்னேறினான். முன்னேறிய கடைசி எட்டில் ஈட்டி விரல் பாய்ந்து, தேர்வாளரின் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. அவன் நிறுத்தவில்லை. ஈரத்திலேயே திரும்பி, பறந்து உதைத்து, முடித்து நின்றான். குறி அவனுக்குப் பின்னால் கிடந்தது. மூன்று எட்டு. எங்கள் எல்லாரையும்விட அதிகம், ஏனென்றால் எங்களில் யாரையும்விட நன்றாக நீட்டத் தெரிந்தவன் அவன்தான். தேர்வாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை மூடினார். நல்ல கட்டா, அடுத்த தடவை வாங்க என்றார். தேவராஜ் வணங்கிவிட்டு வந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அடுத்தது கவிதா. பெல்ட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். தன் பழைய குட்டை எட்டால் முன்னே போனாள், திரும்பும்போது சமமாக வைத்தாள், குறியின் மேல் ஆணி அடித்த மாதிரி வந்து நின்றாள். தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ ஷோட்டோகான் இல்லையேம்மா. மூச்சு வேற எடத்து மூச்சால்ல இருக்கு. யார் சொல்லிக் குடுத்தது?"

"மூச்சு கோஜுங்க. காலு அவரு குடுத்தது" என்று தேவராஜைக் காட்டினாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். மண்டபத்தில் முதலில் விசிலடித்தது யார் தெரியுமா? தேவராஜ். ஜீப் மலை ஏறுகிற வழி முழுக்க அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நாஹா ஜெயிச்சிருச்சு, நாஹா ஜெயிச்சிருச்சு என்று கத்தினான். நாங்களும் கத்தினோம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான பயணம் அதுதான். அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு செய்த பயணமும் அதுதான்.

பள்ளிக்கூட வேலை கவிதாவுக்குப் போனது. அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். தேவராஜ்தான் விடவில்லை. அவனே ஜீப்பில் கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிட்டு, வெரசாப் போங்க டீச்சர் என்றான். அவளை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டது அவன்தான். அடுத்த வருஷத் தேர்வுக்காக ஒரு மாதம் விடியற்காலையில் பஸ் நிலையத்தில் போய்ச் சமதரையில் பழகிப் பார்த்தான். சரிவுதான் காரணம் என்று தானே கண்டுபிடித்துவிட்டதாக என்னிடம் வந்து ஆச்சரியமாகச் சொன்னான். நானும் ஆச்சரியப்பட்டேன், பாவி. ஆனால் கால் திருந்தவில்லை. உடம்புக்குள்ள சரிவு ஏறிருச்சுலே என்று சிரித்துவிட்டு, திரும்பவும் குடோனுக்குப் பின்னாலேயே வந்து நின்றான். தேர்வுக்குப் போகவில்லை. சில வருஷம் கழித்து ஜீப்பை விற்றுவிட்டு மனைவியின் ஊரான திருப்பூருக்குப் போனான். அங்கே இறந்துபோன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

கராத்தேப் பிள்ளைகள் வேன் ஏறிப் போன மறுநாள் நாயுடுபுரம் பக்கம் போனேன். குடோன் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு காட்டேஜ். பின்னால் இருந்த புல்தரையை ஜேசிபி வைத்து வெட்டி, மேட்டைப் பள்ளத்தில் தள்ளி, சிமெண்ட் கல் பதித்து, கார் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். எங்கள் ஏழு கல்லும் எந்த அஸ்திவாரத்துக்குள் போயினவோ. டிரைவர் பையன் ஒருவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன சார் வேணும் என்றான். ஒன்றுமில்லை என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போகும்வரை காத்திருந்தேன். பிறகு, முன்பு தேவராஜ் நிற்கும் மேடு இருந்த திசையைப் பார்த்து, அன்று சொல்லாததைச் சொன்னேன்.

"மாஸ்டர், இங்க தரை சமமாக் கெடக்கு. எட்டக் கொஞ்சம் சுருக்கிக்கங்க."